பஞ்சாங்கத் தாளில் இருந்த இலக்கம்

ஆச்சி சாதகக் கட்டை அவிழ்த்தபோது முதலில் உதிர்ந்தது வேப்பிலைத் தூள். பூச்சி அரிக்காமல் இருக்க எப்போதோ வைத்தது. ஓலைச் சாதகங்கள் இரண்டு, கொப்பியில் எழுதிய சாதகங்கள் ஐந்து, அவற்றுக்கு நடுவில் நாலாக மடித்த ஒரு பஞ்சாங்கத் தாள். 1990 ஆனியில், போரால் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்டபோது ஆச்சி எடுத்துக்கொண்டது இரண்டே பொருள்: காணி உறுதியும் இந்தக் கட்டும். வலிகாமம் வடக்கில் அன்று வெளிக்கிட்ட பலரும் இதைத்தான் எடுத்தார்கள். நகையை மறந்தவர்களும் உறுதியையும் சாதகத்தையும் மறக்கவில்லை.

அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் அவருடைய தகப்பனார் எழுதியிருந்தார். மூத்த மகனின் பெயர். 1943இல் ஒரு தேதி. அதன் கீழே 390 என்ற எண்ணும், அடைப்புக்குள் ரோமன் எழுத்தில் 16உம். வேறொன்றுமில்லை.

மூத்த மகன், அதாவது ஆச்சியின் அண்ணை, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்தவர். பயனியர் கோர் என்ற உழைப்புப் படைப்பிரிவில் மத்திய கிழக்குக்குப் போனார். பலாலியில் பிரித்தானிய விமானப்படை ஓடுபாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. போர் முடிய முன்னமே திரும்பி வந்துவிட்டார். வந்த பிறகு அதிகம் கதைத்ததில்லை. இரவில் திண்ணையில் விழித்திருப்பார். யாராவது படலையைச் சத்தமாகச் சாத்தினால் எழும்பி நிற்பார். "ஆமியில விசர் எண்டு எழுதித் துரத்தினவங்கள்" என்று ஊர் சொன்னது. அண்ணையின் டிஸ்சார்ஜ் பேப்பரை ஊரில் ஒருவரும் வாசித்ததில்லை. இருந்தும் எல்லோருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரிந்திருந்தது. "அது அவையின்ர பரம்பரையிலயே இருக்கு" என்ற ஒரு வசனத்தில் தங்கைமாரின் பேச்சுக்கால்கள் குழம்பின. ஆச்சியின் கலியாணமும் ஒருமுறை குழம்பித்தான் பிறகு வேறிடத்தில் ஒப்பேறியது.

ஆச்சிக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. அண்ணை இறந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. பேப்பர் வீட்டோடு போய்விட்டது. "அதில என்ன எழுதிக் கிடந்தது எண்டு பாத்துச் சொல்லும் தம்பி. பிழையா எழுதியிருந்தா இனித் திருத்த ஏலுமோ?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விகள். முதலாவதற்கு எனக்கு ஒரு மாதம் போதுமென்று நினைத்தேன்.

390 என்பது ஆஸ்பத்திரிக் கட்டில் இலக்கமாக இருக்கலாம் என்று தொடங்கினேன். பிறகு படையிலக்கத்தின் ஒரு துண்டாக இருக்குமோ என்று தேடினேன். இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லை. கண் திறந்தது வேறொரு வேலையின்போது. முதலாம் உலகப் போரில் வெளியேற்றப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்களின் சான்றிதழ்ப் பிரதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே எண் வந்தது: பந்தி 392, உட்பிரிவு 16. அது மன்னரின் இராணுவ ஒழுங்குவிதிகளில் 1912ஆம் ஆண்டுப் பதிப்பின் பந்தி. போர்ச்சேவைக்கு உடலளவில் இனித் தகுதியில்லை என்பது அதன் பொருள். தகப்பனார் 392ஐ 390 என்று பிழையாக எழுதிவிட்டார் என்று முடிவுகட்டப் பார்த்தேன். அப்படி முடிவுகட்டியிருந்தால் ஒரு கவனமான மனிதருக்கு அநியாயம் செய்திருப்பேன். அவர் எழுதியது சரி. 1940ஆம் ஆண்டுப் பதிப்பில் பந்திகளின் இலக்கம் மாறியது. 392 இருந்த இடத்துக்கு 390 வந்தது. உட்பிரிவு 16 அப்படியே நின்றது. வாசகம் மட்டும் கொஞ்சம் மாறி, இராணுவம் எதிர்பார்க்கும் உடற்தகுதி இல்லாமற் போனமை என்று ஆனது.

ஆச்சியிடம் போய் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப விசர் எண்டு எழுதேல்லையோ?"

"இந்த இலக்கத்தில அப்பிடி இல்லை ஆச்சி. ஆனா இந்த இலக்கத்துக்குப் பின்னால இன்னொரு பேப்பர் இருக்கும். அதைப் பாக்காமல் நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

அவருக்கு உடனே ஆறுதல் தரும் பதிலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பந்தி ஒரு பெரிய சாக்கு மாதிரி. காலிழந்தவனும் அதற்குள் வருவான், காசநோய்க்காரனும் வருவான், நித்திரை கெட்டுக் கை நடுங்கியவனும் வருவான். சிப்பாயின் கையில் கொடுக்கும் சான்றிதழில் பந்தி இலக்கம் இருக்கும். வைத்தியர் இட்ட நோயின் பெயர் வேறு கோவையில், வைத்தியக் குழுவின் அறிக்கையில் இருக்கும். ஆக, ஊர் சொன்ன சொல் வீட்டுக்கு வந்த பேப்பரில் இருந்ததற்கு ஆதாரமில்லை. அது லண்டனில் உள்ள கோவையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்த இடத்தில் இரண்டாவது கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இருந்தால் திருத்த முடியுமா? பட்டாளம் ஒருவருக்கு மனநோய் என்று எழுதி வெளியே அனுப்பி, அவர் அதை எதிர்த்து நின்று வென்ற ஏதாவது ஒரு வழக்கு நமக்குக் கிட்டிய தேசத்தில் உண்டா?

உண்டு. வீர்பால் சிங் எதிர் பாதுகாப்பு அமைச்சின் செயலாளர். இந்திய உச்ச நீதிமன்றம், 2013 ஜூலை 2.

வீர்பால் சிங் 1970களின் தொடக்கத்தில் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தவர். 1977 நவம்பரில் அவரைச் சேவைக்குத் தகுதியற்றவர் என்று அனுப்பினார்கள். வைத்தியக் குழு எழுதிய நோயின் பெயர் 'மனச்சிதைவு எதிர்வினை'. இயலாமை ஓய்வூதியம் கேட்டார், மறுத்தார்கள். நோய் சேவையால் வந்ததல்ல என்றார்கள். வழக்கு கடைசியில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009இல் இயங்கத் தொடங்கிய தீர்ப்பாயம் அது. வைத்தியக் குழு சொன்னால் சரிதான் என்று தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது. பிறகுதான் உச்ச நீதிமன்றம்.

தீர்ப்பை நான் மூன்று தரம் படித்தேன். மற்ற நீதிமன்றங்கள் செய்யத் தயங்கும் ஒரு வேலையை நீதிபதி ஜி. எஸ். சிங்வியின் அமர்வு செய்திருக்கிறது. வைத்தியக் குழுவின் அறிக்கையை அடி வரைக்கும் தோண்டிப் பார்த்தது. அடியில் கிடந்தது ஒரு மனநல வைத்தியரின் சுருக்கமான குறிப்பு. ஆள் சண்டைபிடிக்கிறார், எளிதில் எரிச்சலடைகிறார், யோசிக்காமல் காரியம் செய்கிறார், சிகிச்சைக்குப் பிறகு முன்னேறியிருக்கிறார் என்ற அளவில்தான் அது இருந்தது. நீதிமன்றம் அகராதியை எடுத்தது. உளமருத்துவ நூல்களை எடுத்தது. மனச்சிதைவு நோய்க்கு அவை சொல்லும் இலக்கணத்தை வரிவரியாகத் தீர்ப்பிலேயே எடுத்துப் போட்டு, இந்தக் குறிப்பு அதற்குப் பொருந்தவில்லை என்று எழுதியது. நிபுணரின் கருத்துக்கு மரியாதை கொடுக்கலாம், அதைக் கும்பிடத் தேவையில்லை என்ற பொருள்படவும் எழுதியது.

அந்தப் பெயரே எனக்கு உறுத்தியது. 'எதிர்வினை' என்ற ஒட்டு ஏன்? அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1952இல் வெளியிட்ட முதலாவது நோய்க் கைநூலில் பல நோய்களின் பெயர்கள் இந்த ஒட்டோடுதான் வந்தன. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த ஒட்டைக் கைவிட்டது. 1977இல் ஒரு மனிதனின் சீவியத்தைத் தீர்மானித்த சொல் ஒன்பது வருடம் முன்பே அதன் சொந்தக் கைநூலிலிருந்து கழன்றுவிட்டது. தீர்ப்பு இதைச் சொல்லவில்லை. பழைய பேப்பர்களோடு பழகிய எனக்கு இது கண்ணில் பட்டது. நோயின் பெயருக்கும் ஒரு காலம் உண்டு. எந்த ஆண்டில் எந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது என்று பாராமல் ஒரு மருத்துவக் கோவையை வாசிக்கவே கூடாது.

நீதிமன்றம் வீர்பால் சிங்குக்கு நோயில்லை என்று தீர்ப்பளிக்கவில்லை. மீள்பரிசீலனை வைத்தியக் குழு ஒன்றை அமைத்து, வெளியேற்றிய அந்தச் சமயத்தில் அவரைத் தகுதியற்றவராக்கும் நோய் உண்மையில் இருந்ததா, ஓய்வூதியத்துக்கு அவர் உரித்துள்ளவரா என்று பார்க்கும்படி கட்டளையிட்டது. 1977இன் மனத்தை 2013இல் எந்தக் கருவியால் அளப்பது? பேப்பரால்தான். இளமையில் போனவர் முதுமையில் வந்து, அதே கோவையை இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். முப்பத்தைந்து வருடப் போராட்டத்தின் பலன் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதினாலும் அது சின்ன விஷயமில்லை.

அதே நாளில், அதே நீதிமன்றத்தில், இன்னொரு சிப்பாயின் வழக்கும் முடிந்திருக்கிறது. தரம்வீர் சிங் வழக்கு. அவருடையது மனநோயல்ல, வலிப்பு. 1985இல் சேர்ந்து 1994இல் 20 சதவீத இயலாமையோடு வெளியே வந்தவர். ஆச்சியின் கேள்விக்கு எனக்குத் திறப்பு கிடைத்தது இந்தத் தீர்ப்பில்தான்.

இந்திய வைத்தியக் குழுவின் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்த நோய் சேவையில் சேர முன்னமே இருந்ததா? தரம்வீர் சிங்கின் குழு, இது பிறவிக் கூற்றால் வந்தது, சேவையோடு தொடர்பில்லாதது என்று எழுதியிருந்தது. ஏன் என்று ஒரு காரணமும் எழுதவில்லை. நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு உரித்து விதிகளைப் பிரித்துப் படித்தது. சேரும் நாளில் எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளில் ஒரு நோயும் குறிக்கப்படவில்லையென்றால், அந்த மனிதன் சுகதேகியாகச் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். பிறகு நோய் வந்தால் அது சேவையில் வந்தது என்றே கொள்ள வேண்டும். மாறாகச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். சிப்பாய் நிரூபிக்க வேண்டியதில்லை. நோய் முன்பே இருந்தது, ஆனால் அன்று கண்டுபிடிக்க முடியாதிருந்தது என்று குழு கருதினால், அதற்குரிய காரணத்தை எழுதியே ஆக வேண்டும்.

ஆக, இந்த வேட்டையில் தேட வேண்டியது எழுத்தே இல்லாத ஒரு கட்டம். சேர்ந்த நாளின் தாளில், நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு நேரே வெறுமையாகக் கிடக்கும் இடம். கடைசி நாளில் என்ன எழுதினார்கள் என்பதையே தேடிக்கொண்டிருந்த நான் தலைகீழாகத் தேடியிருக்கிறேன்.

'முன்பே இருந்தது.' இந்த இரண்டு சொல் எங்கெல்லாம் வேலை செய்திருக்கிறது என்று பிறகு பார்த்தேன். அமெரிக்காவில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதி ஆயிரக்கணக்கான படையினரை அனுப்பினார்கள். ஆளுமைக் கோளாறு என்பது ஆள் வளரும்போதே கூட வளர்வது, படையில் சேர முன்னமே இருந்தது என்பது அவர்களின் கணக்கு. ஆகவே இயலாமைக் கொடுப்பனவு இல்லை. அந்த நாட்டில் படைப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே சபைகள் இருக்கின்றன. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது விதி, நீதி கருதி அந்தக் காலவரையைத் தளர்த்தவும் இடமுண்டு. போரின் அதிர்ச்சியால் வரும் மனவடு நோய்க்கு 1980இல்தான் உளமருத்துவக் கைநூலில் பெயர் கிடைத்தது. வியட்நாமிலிருந்து அதற்கு முன் திரும்பியவர்களின் கோவைகளில் அந்தப் பெயர் எப்படி இருக்கும்? 2014 செப்டம்பரில் பாதுகாப்புச் செயலாளர் சக் ஹேகல் அந்தச் சபைகளுக்கு ஒரு பணிப்புரை அனுப்பினார். அப்படிப்பட்டவர்களின் மனுக்களைத் தாராள மனத்தோடு பார்க்கச் சொன்னார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1974 வரை அமெரிக்க வெளியேற்றச் சான்றிதழ்களில் காரணம் ஒரு குறியீட்டு எண்ணாகப் பதியப்பட்டிருந்தது. சிப்பாய்க்கு அதன் பொருள் தெரியாது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்களில் சிலர் பட்டியலை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். தன்னைப் பற்றிய சொல்லைத் தானே வாசிக்க முடியாமல் மற்றவன் கையில் நீட்டுகிற நிலை அது. இதைப் படித்தபோது எனக்குத் தெல்லிப்பழைத் திண்ணையில் இருந்த அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

பிரித்தானியா வேறு வழியில் போனது. முதலாம் உலகப் போரில் அதிர்ச்சி நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு கோழைத்தனம் என்று 1916 ஒக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டவர் ஹரி ஃபார். அவருடைய குடும்பம் தலைமுறைகளாகப் போராடியது. 2006ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டம் அவரைப்போல் சுடப்பட்ட முந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்கு மன்னிப்பு அளித்தது. ஆனால் தீர்ப்பையும் தண்டனையையும் அது மாற்றவில்லை. மன்னிப்பு வேறு, திருத்தம் வேறு. மன்னிப்பு மேலிருந்து வருகிறது. திருத்தம் என்றால் எழுதியவன் தன் எழுத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சேர்த்துக்கொண்டு ஆச்சியிடம் போகும் வழியில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையைக் கடந்துதான் போக வேண்டும். கிளினிக் நாள். வாசலில் சைக்கிள்கள், ஓட்டோக்கள், கையில் கிளினிக் கொப்பியோடு தாய்மார். இங்கே உளநலப் பிரிவு இருக்கிறது. போரின் நடுவில் வடக்கின் மக்களுக்கு உளமருத்துவம் செய்து, அதை 1998இல் ஒரு நூலாகவும் எழுதிய வைத்தியர் தயா சோமசுந்தரத்தின் பெயரோடு சேர்ந்தது இந்த ஊரின் பெயர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கொழும்புப் பக்கத்தில் மனநோய் ஆஸ்பத்திரி இருந்த 'அங்கொடை' என்பது எங்களுக்கு ஊர்ப் பெயரல்ல, வசைச்சொல். இன்று ஒரு தாய் மகனைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்.

அந்த வாசலில் நின்றபோது ஒன்றை என்னிடமே கேட்க வேண்டியிருந்தது. லண்டன் கோவை வந்து, அதில் உண்மையாகவே மனநோய் என்று தக்க காரணத்தோடு எழுதியிருந்தால்? நான் ஆச்சிக்குத் தோற்றவனாவேனா? இல்லை. 'நோயே இல்லை' என்று எழுதுவிப்பது ஒருவகைத் திருத்தம். 'நோய் உண்டு, அது உங்கள் போரில் வந்தது' என்று எழுதுவிப்பது இன்னொரு வகைத் திருத்தம். இரண்டாவதுதான் பெரும்பாலும் உண்மைக்குக் கிட்ட நிற்கும். படலைச் சத்தத்துக்கு எழும்பி நின்ற மனிதருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எழுதிவிட்டால், அதுவும் ஒரு பொய்ப் பேப்பர்தான். நோயை அழுக்கைப்போல் கழுவித் துடைக்கப் போய், கிளினிக் வாசலில் நிற்கிற பிள்ளையை அழுக்காக்கிவிடக் கூடாது. ஊர் சொன்னதில் பொய்யான பகுதி 'விசர்' என்ற சொல்லைவிட 'பரம்பரையிலயே இருக்கு' என்பதுதான். தங்கைமாரின் சீவியத்தைக் குழப்பியது அதுதான்.

இதை ஆச்சிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், லண்டன் கோவையைக் கேட்டு அனுப்பும் படிவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோவைகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தீயில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கோவைகள் போயின. 1981இல் எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகத்தைக் கண்ணால் கண்ட ஆச்சிக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. "அண்ணையின்ரயும் எரிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் உலகப் போர்க் கோவைகளுக்கு அந்த 1940 தீ இல்லை என்றேன். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு அவற்றை இலட்சக்கணக்கில் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பத்துக்கு மூன்று விபரம் முக்கியம்: பிறந்த தேதி, மரணச் சான்றிதழ், பெயர்.

பிறந்த தேதிக்குச் சாதகம் இருந்தது. துன்மதி வருடம், ஆவணி மாதம், நட்சத்திரம், நாழிகை வரைக்கும். துன்மதி என்றால் 1921. பழைய பஞ்சாங்கக் கணிதத்தோடு வைத்து ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போதும். பெடியன்கள் படையில் சேர வயதைக் கூட்டிச் சொல்வதுண்டு. ஆகவே சாதகத் தேதியோடு ஒத்துப்போகாவிட்டாலும் கோவையைத் தள்ளிவிடாமல் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். கோவையில் நான் தேடப்போவது கடைசித் தாளை மட்டுமல்ல. சேர்ந்த நாளில் ஒரு வைத்தியர் அந்தப் பெடியனின் நெஞ்சளவை எடுத்து, கண்ணைப் பார்த்து, பிறகு சுகதேகி என்று கையெழுத்து வைத்த முதலாவது தாளை.

"அப்ப சேரேக்க நல்லாத்தான் இருந்தவர் எண்டு அவங்களே எழுதியிருப்பாங்கள்" என்றார் ஆச்சி. நான் ஒரு மணித்தியாலமாகச் சுற்றி வளைத்ததை அவர் ஒரு வசனத்தில் பிடித்துவிட்டார்.

"ஓம் ஆச்சி. எழுதாமல் எடுத்திருக்க மாட்டாங்கள்."

மரணச் சான்றிதழ்ப் பிரதிக்காக அடுத்த கிழமை தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்துக்குப் போனோம். வர வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து வாங்கில் இருந்தார். அங்கே பெயரில் ஒரு சிக்கல் வந்தது. எங்களில் தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். இராணுவத்து எழுதுவினைஞர் எதைக் குடும்பப் பெயராக எடுத்தாரோ, எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாரோ தெரியாது. ழகரத்தை ஒருவர் ஒருமாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறுமாதிரி. இரண்டு பெயரும் இடம் மாறினால் கோவை வேறு தட்டுக்குப் போய்விடும்.

ஆச்சி பஞ்சாங்கத் தாளை எடுத்து மடியில் விரித்தார். பென்சில் எழுத்தின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"ரெண்டு மாதிரியும் எழுதும் தம்பி. எந்தப் பேரில தேடினாலும் அண்ணை ஆப்பிட வேணும்."